ஆவணிக்கு ஒரு பேரம்

அத்தியாயம் 14

தபால்காரர் பூவனநாதன் தெருமுனையிலேயே சைக்கிள் மணியை மூன்று தடவை அடித்தால் பெத்தம்மாள் வீட்டுக்குக் கடிதம் வந்திருக்கிறது என்று பொருள். அது அவர்கள் இருவருக்குள்ளும் ஏற்பட்டிருந்த ஒப்பந்தம். மூன்று மணிச் சத்தத்துக்கு ஒரு டம்ளர் சுக்குக் காப்பி. காப்பியோடு கடிக்க ஏதாவது உண்டா என்று அவர் ஒருநாள் கேட்டுப் பார்த்தார்.

"கடிக்கிறதுக்கு உங்க வீட்டுல அக்கா இருக்காகல்லா அண்ணாச்சி" என்று பெத்தம்மாள் சொன்னதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அன்று கார்த்திகை மாதத்துத் திங்கட்கிழமை. முதல் நாள் பெய்த மழையில் கரிசல் குழைந்து சைக்கிள் சக்கரத்தில் அப்பிக் கிடந்தது. பூவனநாதன் ஒரு குச்சியால் மண்ணை வழித்துப் போட்டுவிட்டுக் கவரை நீட்டினார்.

"கனமா இருக்கு தாயி. பையன் இந்தத் தடவை விலாவாரியா எழுதியிருக்கான் போல."

கனம் என்றதும் பெத்தம்மாளுக்குச் சந்தோஷத்துக்கு முன்னால் சந்தேகம்தான் வந்தது. தரகர் வீட்டில் பிறந்து தரகருக்கே வாழ்க்கைப்பட்டவள். அளவுக்கு மேல் கனக்கிற மூட்டையைப் பார்த்தால் உள்ளே கையை விட்டுப் பார்க்கத்தான் தோன்றும்.

மகன் செண்பகராஜ் கடற்படைக்குப் போய் நாலு மாதம் ஆகிறது. அப்பா வன்னியபெருமாள் மாட்டுத் தரகர். மகன் தோளிலும் ஒரு துண்டைப் போட்டுச் சந்தைக்குக் கூட்டிப் போக நாள் பார்த்துக்கொண்டிருந்தவர். அவனோ, திருநெல்வேலிக்குப் படம் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, ஆள் எடுக்கிற இடத்தில் போய் நெஞ்சை நிமிர்த்திக் காட்டிவிட்டு வந்தான். "ஒரு மாசம் தாங்க மாட்டான், ஓடி வந்துருவான்" என்று வன்னியபெருமாள் தெருவில் நின்று சொன்னதும், ரயிலடியில் அப்பனும் மகனும் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு நின்றதும் நமக்குத் தெரிந்ததுதான். அவன் ஓடி வரவில்லை. ஒரிசாவில் ஏதோ பெரிய ஏரிக்கரையில் பயிற்சி. விடியுமுன் ஓட்டம், பிறகு கவாத்து, பிறகு தன் துணியைத் தானே துவைக்கிற வேலை. இதில் மூன்றாவதுதான் பெத்தம்மாளால் நம்ப முடியாதது.

இதற்கிடையில் மகள் சத்தியபாமாவுக்குக் குளத்தூரில் மாப்பிள்ளை அமைந்துவிட்டது. கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்க்கிற இராமச்சந்திரன்; வீட்டுக்கு மிளகாய் போடுகிற கரிசல் காடும் உண்டு. எல்லாம் படிந்துவிட்டது, மாதம் மட்டும் படியவில்லை. அவர்கள் தை என்றார்கள். இவர்கள் வைகாசி என்றார்கள். ஏனென்றால் செண்பகராஜுக்கு முதல் லீவு வைகாசியில்தான். மணவறையில் மாப்பிள்ளை காலில் மிஞ்சி போட வேண்டியவன் பெண்ணின் உடன்பிறந்தவன். சித்தப்பா மகன், பெரியப்பா மகன் என்று யாரையாவது உட்கார வைக்கலாம் என்றதற்கு சத்தியபாமா ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டாள்.

"என் தம்பி வரலைன்னா நான் மணையில உக்கார மாட்டேன். மாப்பிள்ளையும் அவிய காலும் குளத்தூர்லேயே இருக்கட்டும்."

இன்று பகலில் சம்பந்தி வீட்டார் மாதத்தை முடிக்க வருகிறார்கள். இதுதான் நிலவரம்.

பெத்தம்மாள் கவரை எடுத்துக்கொண்டு புழக்கடைக் கொட்டகைக்குப் போனாள். அங்கே பதினெட்டுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டை என்கிற மரச்சட்டத்தில் தீக்குச்சி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கொட்டகை பெத்தம்மாளுடையது. அவர்கள் கண்ணில் படாமல் மூலையில் நின்று கவரைப் பிரித்தாள்.

முதலில் விழுந்தது போட்டோ. அதை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்தாள்.

தலை மழிக்கப்பட்டிருந்தது. போன ஆடியில்தான் அரும்பி, அவன் நாளைக்கு நாலு தடவை கண்ணாடியில் பார்த்துக்கொண்ட மீசையும் இல்லை. தலையும் மீசையும் ஒருசேரப் போனால் இந்தச் சீமையில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: தகப்பனைத் தூக்கிக் கொடுத்த பிள்ளை. தகப்பனோ முன்வாசலில் நின்று யாரிடமோ சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

பிறகுதான் மகனுக்குப் பின்னால் நின்றவர்களைப் பார்த்தாள். வரிசை வரிசையாக மொட்டை. கழுவிக் கவிழ்த்த செம்பு மாதிரி. பெத்தம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கடிதம் இரண்டு தாள். முதல் தாளில் எல்லாருக்கும் நலம் விசாரிப்பு, ரொட்டி, கொசு, கேரளாக்காரச் சிநேகிதன். இரண்டாவது தாளின் தலைப்பில் 'அம்மாவுக்கு மட்டும்' என்று கோடு போட்டிருந்தான். ஐந்தாம் வகுப்புப் படிப்பைக் கொண்டு அதை எழுத்தெழுத்தாகப் படித்தாள்.

'அம்மா, நீச்சல் பரீட்சையில் ரெண்டு தடவை தோத்துட்டேன். நம்ம கண்மாய் நிறைஞ்ச வருசத்திலேயே இடுப்பளவுதான். இங்கே உயரத்திலேருந்து ஆழத்தில குதிக்கச் சொல்றாங்க. குதிச்சிருதேன். மேலே வர்றதுதான் பாடா இருக்கு. வர்ற வெள்ளிக்கிழமை மூணாவது தடவை. அதிலேயும் தோத்தா அடுத்து வர்ற கூட்டத்தோட சேர்த்து நிறுத்தி வச்சிருவாங்க. அப்படி ஆயிட்டா லீவு ஆவணிக்குத் தள்ளிப் போயிரும். அப்பாவுக்குச் சொன்னா சந்தைக்கே சொன்ன மாதிரி. அக்காவுக்குச் சொல்லாதே, அழுவா. நான் ஓடி மட்டும் வர மாட்டேன். அதை நம்பு.'

இரண்டு தடவை படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொள்ள ஒரு நிமிஷம் எடுத்துக்கொண்டாள். அடுத்த நிமிஷம் மனசு கணக்காக வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது.

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாலு நாள். பேச்சோ இன்றைக்கு. வைகாசிக்குத் தலையை ஆட்டி, பிள்ளை நீந்தாமல் போனால் மிஞ்சி போட ஆள் இல்லை. மகள் மணையில் உட்கார மாட்டாள். விஷயத்தைச் சொல்லித் தவணை கேட்கலாம் என்றால், இரண்டு தடவை முங்கின பையன் என்று தெரிந்த பிறகு சம்பந்தியம்மாள் கை ஓங்கிவிடும். நொண்டுகிற மாட்டை நாமே நடத்திக் காட்டிவிட்டு விலை சொல்ல முடியுமா? ஆக, காரணம் சொல்லாமல் ஆவணியை வாங்க வேண்டும். வெள்ளிக்கிழமை செண்பகவல்லியம்மனுக்கு ஒரு நெய் விளக்கு.

இரண்டாவது தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகினாள். போட்டோவைச் சாமி படத்துக்குப் பின்னால் ஒளித்தாள். முதல் தாளைப் புருஷனிடம் கொடுத்தாள்.

"இவ்வளவுதானா? கனமா இருக்குன்னு பூவனநாதன் சொன்னாரே?" என்றார் வன்னியபெருமாள்.

"அவருக்கு நம்ம வீட்டுக் காப்பியைத் தவிர எல்லாம் கனம்தான்."

பதினொரு மணி பஸ்ஸில் சம்பந்திகள் வந்து இறங்கினார்கள். வெயிலுமுத்து ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் செலவழிக்காத மனிதர். சேமித்ததையெல்லாம் அவர் சம்சாரம் முத்துத்தாய் செலவழித்தாள். உள்ளே நுழைந்ததும் நுழையாததுமாக அவள் சத்தியபாமாவின் கையைப் பிடித்து விரல்களைத் திருப்பிப் பார்த்தாள்.

"குனிஞ்சு நிமிந்தா முதுகு வலிக்குமா தாயி?"

"இல்லத்தே."

"வெயிலு தாங்குவியா?"

"கோவில்பட்டியில பொறந்துட்டு வெயிலுக்குப் பயந்தா ஆகுமா அத்தே?"

"காரம் கைக்கு எரியுமா?"

சத்தியபாமா அம்மாவைப் பார்த்தாள். அம்மா எதையும் கவனிக்காதவள்போல வெற்றிலைத் தட்டை நகர்த்தி வைத்தாள். ஆனால் கேள்விகள் மூன்றும் அவள் மனசில் போய் வரிசையாக உட்கார்ந்துவிட்டன.

அதற்குள் வன்னியபெருமாள் ஒரு காரியம் செய்தார். சாமி படத்துக்குக் கும்பிடு போடப் போனவர் கையில் போட்டோ தட்டுப்பட்டது. மூக்குக்கண்ணாடி சட்டைப் பையில் இருக்க, வெறுங்கண்ணால் பார்த்துவிட்டுப் பூரித்துப் போனார்.

"இந்தா பாருங்க சம்பந்தி, என் மகனை! முன்னால நிக்கான் பாருங்க, சிங்கம் மாதிரி!"

முத்துத்தாய் வாங்கிப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. வன்னியபெருமாளைப் பார்த்தாள். மறுபடி போட்டோவைப் பார்த்தாள்.

"என்ன அண்ணாச்சி இது கோலம்? நீங்க கல்லு மாதிரி இங்கன நிக்கும்போது பையன் தலையும் மீசையுமா எடுத்துட்டு நிக்கானே? நல்ல காரியம் பேச வந்த எடத்துல இதையா கையில குடுப்பீங்க?"

வெயிலுமுத்து தன் மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். வன்னியபெருமாள் அவசரமாகக் கண்ணாடியை மாட்டினார். பார்த்தவர் பெத்தம்மாள் பக்கம் திரும்பினார்.

"ஏட்டி, நான் போயிட்டேன்னு எவனும் அவனுக்கு எழுதிப் போட்டானா?"

பெத்தம்மாள் முன்னால் வந்தாள்.

"மதினி, அந்தப் படத்தை நல்லாப் பாருங்க. பின்னால நிக்கிற பிள்ளைகளை எண்ணுங்க. ஒரு நூறு மொட்டை இருக்காது? நூறு தகப்பனும் ஒரே நாளையிலயா போயிருப்பாங்க?"

முத்துத்தாய் எண்ணத்தான் ஆரம்பித்தாள். பதினேழு வரைக்கும் வந்துவிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள்.

"அங்கன வழக்கம் அது. தலையில பேனு, மனசுல வீட்டு நெனப்பு, ரெண்டையும் மொத நாளே மழிச்சிருவாங்களாம்" என்றாள் பெத்தம்மாள்.

வன்னியபெருமாளுக்கு இப்போது உயிர் வந்துவிட்டது. "அப்படியே இருந்தாத்தான் என்ன? நாளைக்கு நான் போகையில அவனுக்கு லீவு கெடைக்குதோ என்னவோ. இப்பமே ஒண்ணு அச்சாரமாப் போட்டு வச்சிட்டான். வியாபாரி மகன்லா!"

வெயிலுமுத்துகூடச் சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்கிய பிறகும் வன்னியபெருமாள் போட்டோவை வைக்கவில்லை. துண்டு முனையால் அதைத் துடைத்தார். "எளைச்சிட்டான்" என்றார், யாருக்கும் கேட்காத குரலில். நாலு மாதத்தில் மகனைப் பற்றி அவர் கேலியும் ஜம்பமும் இல்லாமல் சொன்ன முதல் வார்த்தை அது. பெத்தம்மாளுக்குக் கேட்டது.

வெயிலுமுத்து அன்றைய பத்து வார்த்தையில் நாலைந்தை எடுத்தார். "கடல் வேலை. நீச்சல் நல்லா வரும்லா?"

"மீனுக்கு எவனாவது நீச்சல் சொல்லிக் குடுப்பானா சம்பந்தி?" என்றார் வன்னியபெருமாள்.

பெத்தம்மாளுக்குப் புரையேறியது. இடுப்பில் இருந்த தாள் சுட்டது.

"சரி, மாசத்தைப் பேசிருவம்" என்று முத்துத்தாய் கால்களை மடக்கி உட்கார்ந்தாள். "எங்களுக்குத் தைதான் தோது."

வன்னியபெருமாள் தோள் துண்டை எடுத்து உதறி, வெயிலுமுத்துவின் கையை நோக்கி நீட்டினார். முப்பது வருஷப் பழக்கம். மாட்டுச் சந்தையில் யாரும் விலையை வாயால் சொல்வதில்லை. இரண்டு பேர் கையைக் கோத்து மேலே துண்டைப் போட்டுக்கொள்வார்கள். பிடிக்கிற விரல்தான் எண்ணிக்கை. முழுக் கையையும் அமுக்கினால் ஐந்து. சுற்றி நிற்கிறவனுக்கு முகம் மட்டும்தான் தெரியும். முகத்தில் ஒன்றும் தெரியக்கூடாது. ஒரே ஒரு சட்டம்: துண்டை எடுத்த பிறகு பேச்சு மாறக் கூடாது. மாறியவனோடு அப்புறம் யாரும் கை கோக்க மாட்டார்கள்.

"துண்டைத் தோள்லயே போடுங்க அண்ணாச்சி" என்றாள் முத்துத்தாய். "ஆம்பளைக உள்ளுக்குள்ள எதையாவது முடிச்சிருவீங்க. வீட்டுக்குப் போயி நான் அதை மாத்தணும். எதுக்கு ரெட்டை வேலை?"

"அதுவும் சரிதான். அப்பம் நாமளே முடிச்சிருவமா மதினி?"

பெத்தம்மாள் இடுப்பில் செருகியிருந்த முந்தானையை இழுத்து விரித்தாள்.

பொம்பளைகள் துணிக்குள் கை கோத்துப் பேரம் பேசி அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. முத்துத்தாய் முந்தானையைப் பார்த்தாள், பெத்தம்மாளைப் பார்த்தாள்.

"ஒங்களுக்கு விரல் கணக்குத் தெரியுமா?"

பெத்தம்மாள் புருஷனைப் பார்க்காமல் சிரித்தாள். கல்யாணமான புதிதில், கூட்டுக் குடும்பத்தில், நாலு பேர் முன்னால் புருஷனோடு வாய்விட்டுப் பேச முடியாது. வன்னியபெருமாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து துண்டை மடியில் போட்டுக்கொள்வார். துண்டுக்குள் ஒரு விரல் என்றால் 'சரி'. இரண்டு விரல் என்றால் 'அப்புறம் சொல்லுதேன்'. அந்தத் துண்டுக்குள் படித்த படிப்பு மறக்குமா?

"ஏதோ கொஞ்சம்" என்றாள். "மார்கழி ஒரு விரலு, தை ரெண்டு. அப்படியே எண்ணிக்கிட்டுப் போவம்."

"எனக்கும் ஏதோ கொஞ்சம்" என்றாள் முத்துத்தாய். மிளகாய் மூட்டையை அவளே கமிஷன் கடைக்குக் கொண்டுபோய்ப் போடுகிறவள் என்பது பிறகுதான் தெரிந்தது.

இரண்டு கைகளும் முந்தானைக்குள் போயின.

முத்துத்தாயின் கை காய்ப்புக் காய்த்து உரமாக இருந்தது. இரண்டு விரலைப் பிடித்து அழுத்தினாள். தை.

பெத்தம்மாள் முழுக் கையையும் ஒருதரம் அமுக்கிவிட்டு, நாலு விரலைப் பிடித்தாள். ஒன்பது. ஆவணி.

முத்துத்தாயின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கை சட்டென்று நின்றது. "போன தடவை வேற மாதிரில்லா பேசினீங்க?" என்றாள் வாயால்.

"போன தடவை வாயால பேசினோம் மதினி."

மூன்று விரல் வந்தது. மாசி. பெத்தம்மாள் மறுபடி ஐந்தும் நாலும். பிறகு ஐந்தும் ஒன்றும் வந்தது. வைகாசி! வன்னியபெருமாள் எதிரே உட்கார்ந்து இரண்டு பேருடைய தோளையும் பார்த்துக்கொண்டிருந்தார். தோள் அசைகிற விதத்தைக் கொண்டு கணக்குப் பிடிக்கிறவர். வைகாசி வந்துவிட்டது என்று அவருக்குப் புரிந்தது. முடித்துவிடு என்று கண்ணைக் காட்டினார். அதற்குத்தானே இத்தனை பாடு?

காலையில் அந்தக் கவர் வராமல் இருந்திருந்தால் பெத்தம்மாளும் முடித்திருப்பாள். இப்போது அவள் அசையாமல் மறுபடி ஐந்தும் நாலும் பிடித்தாள். வன்னியபெருமாள் வாயைத் திறந்து மூடினார்.

"மதினி" என்றாள் முத்துத்தாய் மெதுவாக. "ஏழுக்கு மேல போனா எட்டு ஆடி. நடுவுல நிக்க எடமில்லாத பேரமா இருக்கே."

"எடமில்லைன்னா ஒரே தாண்டா தாண்டிருவோம்."

"எனக்கு என்ன லாபம்?"

இதற்காகத்தான் பெத்தம்மாள் காத்திருந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"மாசியில மிளகாய்ப் பழம் எடுக்க ஆள் வேணும். அதுக்குத்தானே தை? வந்ததும் வராததுமா எம் மகளோட முதுகையும் விரலையும் பாத்தீங்களே, நான் பாக்கலைன்னு நெனச்சீங்களா?"

முத்துத்தாயின் முகத்தில் முதல் தடவையாக ஏதோ தெரிந்தது. கூச்சம் இல்லை, பிடிபட்டவளின் மரியாதை.

"போன வருசம் ஆள் கெடைக்காம பழம் செடியிலேயே வத்தி உதுந்துட்டு மதினி. வீட்டுக்கு ஒரு கை கூடினா..."

"ஒரு கைக்காகவா இவ்வளவு அவசரம்? இந்தாங்க." பெத்தம்மாள் முழுக் கையையும் அமுக்கினாள். "இது மாசம் இல்லை. ஆளு. எங் கொட்டகையிலேருந்து அஞ்சு பொம்பளைங்க, மாசி பூராவும் உங்க காட்டுல. குச்சி அடுக்குற கையி. பூ எடுக்கிற மாதிரிப் பழம் எடுப்பாங்க."

மாசி தீப்பெட்டி வேலைக்கு உச்சக்கட்டம். வெயில் ஏறி, குச்சி நன்றாகக் காய்கிற மாதம். ஐந்து பேரை அனுப்பினால் கொட்டகை நொண்டும். அது முத்துத்தாய்க்கும் தெரியும். அவ்வளவு கொடுத்து ஆவணியை வாங்குகிறாள் என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது என்றும் தெரியும். கொஞ்ச நேரம் பெத்தம்மாளின் கண்ணையே பார்த்தாள்.

ஐந்து விரலோடு இன்னொன்றைப் பிடித்தாள். ஆறு பேர்.

பெத்தம்மாள் பெருமூச்சு விட்டாள், தோற்றவள் மாதிரி. ஏழு பேர் வரைக்கும் போக அவள் தயாராக இருந்தாள்.

ஒரு விரலைப் பிடித்துத் தலையசைத்தாள். சரி.

முந்தானையை எடுத்தாள். "ஆவணி" என்றாள் முத்துத்தாய் சபைக்கு. தை ஒழிந்தது என்று அறைக்குள் கதவோரம் நின்ற சத்தியபாமா கையைத் தட்டிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அடுப்படிக்குள் வன்னியபெருமாள் பின்னாலேயே வந்தார்.

"வைகாசிதானே நம்ம பேச்சு? கையில வந்துட்டே! ஆவணி எங்கேருந்து வந்துது?"

"கெடைச்சுது, வாங்கினேன்."

"ஏட்டி, தேவையில்லாம எவனும் ஆறு ஆளைக் கூடக் குடுத்து மூணு மாசம் வாங்க மாட்டான். யாருகிட்ட கதை சொல்லுத?"

பெத்தம்மாள் அவர் கையைப் பிடித்து முந்தானையால் மூடினாள். இரண்டு விரலை அழுத்தினாள். அப்புறம் சொல்லுதேன்.

வன்னியபெருமாளின் கோபம் அந்த இரண்டு விரலில் போன இடம் தெரியவில்லை. இருபத்திரண்டு வருஷம் பின்னால் போய்விட்டு வந்தவர்போல, "எலையைப் போடு" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

பெத்தம்மாள் சிரித்துக்கொண்டே இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள்.

தாள் இல்லை.

எடுக்கப் போன சாம்பார் வாளியை விட்டுவிட்டுத் தேடினாள். கொட்டகையில் இல்லை. கூடத்தில் சாப்பாட்டு இலைக்கு நடுவே குனிந்து குனிந்து பார்த்தாள். முந்தானையை இழுத்து விரித்தபோதுதான் விழுந்திருக்க வேண்டும். அது விழுந்திருந்தால் ஒரே ஒரு மடியில்தான் விழுந்திருக்கும்.

முத்துத்தாய் நிதானமாகச் சாப்பிட்டாள். ரசத்தைப் புகழ்ந்தாள். இரண்டாம் தடவை மோர் வாங்கினாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. துணிக்குள் கை விட்டுப் பழகியவள் முகத்தில் என்ன தெரியும்? ஒவ்வொரு தடவை அவள் வாயைத் திறக்கும்போதும் பெத்தம்மாள் கையில் கரண்டி நின்றது. 'மீனு எழுதின காயிதத்தைப் பாத்தீங்களா' என்று சபையில் ஒரு வார்த்தை விட்டால் போதும். ஆவணியும் போகும், சம்பந்தமும் போகும், மகனை நினைத்துப் போட்டோவைத் துடைத்த மனுஷனின் தலையும் கவிழும்.

முத்துத்தாய் அப்பளம் மட்டும் கேட்டாள்.

மூன்றரை பஸ்ஸுக்கு வழியனுப்பப் பெத்தம்மாளும் கூடவே நடந்தாள். ஆண்கள் முன்னால் போனார்கள். கரிசல் சகதியில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பெண்கள் இருவரும் பின்னால் வந்தார்கள். பஸ் வந்து நின்ற பிறகுதான் முத்துத்தாய் வெற்றிலைச் சுருள் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"போட்டுக்கிடுங்க மதினி."

சுருளுக்குள் நாலாக மடித்த தாள் இருந்தது.

பெத்தம்மாள் அதை உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். "படிச்சீங்களா?"

"கை கழுவப் போனப்பம் படிச்சேன். படிக்கப்படாதுதான். ஆனா என் மடியில விழுந்தது என் சரக்குல்லா?"

"அப்பம் சபையில சொல்லியிருக்கலாமே?"

"எப்பிடிச் சொல்ல? துணியை எடுத்தாச்சே." முத்துத்தாய் படியில் ஒரு காலை வைத்தாள். "முங்கி முங்கி எந்திரிக்கான், ஆனாலும் ஓடி வர மாட்டேங்கான். இந்தப் பிள்ளை கையால எம் மகனுக்கு மிஞ்சி விழட்டும். ஆவணி ஆவணிதான். ஆறு ஆளும் ஆறு ஆளுதான், அதுல கொறைக்காதீங்க."

"கொறைப்பனா மதினி?"

கண்டக்டர் விசில் ஊதினார். முத்துத்தாய் உள்ளே ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து தலையை வெளியே நீட்டினாள்.

"ஆமா, மேல தேதி போட்டிருக்கானே, பாத்தீங்களா?"

"எந்தத் தேதி?"

"இருபத்தெட்டு பதினொண்ணு. காயிதம் வந்து சேர ஒரு வாரம் ஆயிருக்கு. அவன் சொன்ன வெள்ளிக்கிழமை, போன வெள்ளிக்கிழமை மதினி!"

பஸ் கிளம்பிவிட்டது.

பெத்தம்மாள் தாளைப் பிரித்தாள். வலது ஓரத்தில் சின்னதாக எழுதியிருந்தான். 28-11-83. இன்றைக்கு டிசம்பர் ஐந்து. காலையிலிருந்து நாலு நாள், நாலு நாள் என்று அவள் மனசில் ஓடிக்கொண்டிருந்த கணக்கு அப்படியே நின்றது. இந்த வெள்ளிக்கு அவள் நேர்ந்துகொண்ட விளக்குக்கு முன்னாலேயே பிள்ளை குதித்தாகிவிட்டது. மிதந்தானோ, முங்கினானோ, எதுவாக இருந்தாலும் மூன்று நாளைக்கு முன்பே முடிந்துபோன சங்கதி. பதில் எங்கோ ஒரு ரயிலில், ஒரு தபால் பைக்குள், மற்றவர்கள் கடிதங்களுக்கு நடுவே குலுங்கிக்கொண்டு வந்துகொண்டிருக்கிறது.

பிறகு தாளை மடித்து, இந்தத் தடவை ரவிக்கைக்குள் பத்திரமாக வைத்தாள். அவன் நீந்தியிருந்தால் வைகாசியில் ஒரு லீவு, ஆவணியில் ஒரு லீவு கேட்டு எழுதட்டும். நீந்தாவிட்டால் ஆவணி கையில் இருக்கிறது. இரண்டு பக்கமும் கட்டிப் போட்டாகிவிட்டது. விளக்கை மட்டும் எதற்கும் ஏற்றிவிட வேண்டும். நடந்து முடிந்ததற்கும் சாமி பொறுப்புத்தானே.

தபாலாபீஸ் வாசலில் பூவனநாதன் சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, நாளைக்கும் எங்க தெருப் பக்கம் வருவீங்கள்லா?"

"காயிதம் இருந்தா வருவேன் தாயி."

"மூணு தடவை மணி அடிச்சீங்கன்னா காப்பியோட உளுந்தவடையும் உண்டு."

பூவனநாதன் சாவியைப் பையில் போடாமல் அவளையே பார்த்தார். பன்னிரண்டு வருஷப் பழக்கத்தில் பெத்தம்மாள் கேட்காமல் கூலியை ஏற்றினது இதுதான் முதல் தடவை. உள்ளே திரும்பி ஒரு பார்வை பார்த்தார். மத்தியான ரயிலில் வந்த பைகள் வாய் கட்டியபடியே மூலையில் கிடந்தன.

"வடக்கத்திப் பை இன்னும் பிரிக்கலை தாயி" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, பூட்டின சைக்கிளை மறுபடி திறந்து வைத்துவிட்டு உள்ளே போனார்.